பாலத்தில் மாட்டிய பட்டன் கண்ணாடிக் கார்

ஊவா மாகாணத்தில் ஓடிய கார்களில் பாதிக்கு என் தம்பி மர்ஸூக்தான் கண்ணாடி போட்டான். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். பதுளையில் ஓடிய கார்களில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, பதுளையில் கண்ணாடி ஏறாமல் மழைக்குச் சாக்கைத் தொங்கவிட்டு ஓடிய கார்களில் பாதி. இதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

அவன் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவனுடைய கையால்தான். அறுபத்தாறாம் ஆண்டு, பதுளை பஸாரில் அலுமாரிக்கும் படத்துக்கும் கண்ணாடி வெட்டுகிற கடையொன்றில் வேலைக்கு நின்றான். அடுத்த கடை முதலாளியின் மொரிஸ் காரில் கண்ணாடி கழன்று கதவுக்குள் விழுந்துவிட்டது. இரண்டு மெக்கானிக்மார் வந்து பார்த்தார்கள். அவர்களுடைய கை முழங்கைக்கு மேல் உள்ளே போகவில்லை. மர்ஸூக்கின் கை எங்கள் வீட்டு ஈர்க்கு விளக்குமாற்றைவிட ஒரு நூல் தடிப்பு. தோள் வரை உள்ளே விட்டு, கண்ணாடியையும், கூடவே ஒரு சீப்பையும், யாரோ யாருக்கோ எழுதிய ஒரு கடிதத்தையும் வெளியே எடுத்தான். கடிதத்தை வாசிக்காமல் முதலாளியிடம் கொடுத்தான். நானாக இருந்தால் வாசித்திருப்பேன்.

பிறகு கார்ச் சாமான் எதுவும் கப்பலில் வராத காலம் வந்தது. அலுமாரிக்கென்று கிடைத்த தட்டைக் கண்ணாடியைக் கார்க் கதவுக்கு அளவெடுத்து வெட்டினான். பழைய டியூபைக் கீறிக் கண்ணாடிக்கு ரப்பர் போட்டான். பழுது பார்க்கிற விதமும் தனி. கதவைக் கழற்றுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பிடியை மெதுவாகச் சுற்றுவான். கரகரவென்றால் உள்ளே பல்லுச் சக்கரம் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் சும்மா சுற்றினால் கண்ணாடியைத் தாங்குகிற கை கழன்றுவிட்டது. பாதியில் இறுகினால் ரப்பர் ஊதிவிட்டது. "கதவு தன்ட வாயாலயே செல்லும் ராத்தா, நாம கேக்கணும்" என்று அக்கா என்னிடம் சொல்வான்.

ஒரு குறை அவனுக்கு. அடைத்த இடம் ஆகாது. பஸ்ஸில் இடமிருந்தாலும் மிதிபலகையில்தான் நிற்பான். கதவைத் தாழிட்டுத் தூங்க மாட்டான். ஊராரின் கண்ணாடியையெல்லாம் மேலே ஏற்றிக் கொடுப்பவன், தான் ஏறிய காரில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் உட்காருவான். காரணம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவனோடு ஒளித்துப் பிடித்து விளையாடியது நான்தான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு ஜப்பானில் ஓடித் தேய்ந்த கார்கள் இங்கே வந்து இறங்கின. அதில் சிலதுக்குப் பிடியே கிடையாது. பட்டனை அமுக்கினால் கண்ணாடி தானாக ஏறும், இறங்கும். முதல் பட்டன் கண்ணாடியைப் பார்த்த அன்று, கார்க்காரரிடம் அனுமதி கேட்டு, அவன் அரை மணி நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தானாம். அவனுடைய மனைவி நளீரா சொன்னாள், வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைகிறபோதும் பெருவிரல் அமுக்கிக்கொண்டே இருந்ததாம்.

இனி எண்பத்தோராம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று எங்கள் தங்கை ஜெனீராவுக்கு நிக்காஹ். பண்டாரவளையில், எங்கள் தாய்மாமா வீட்டில், பின்னேரம் மூன்றரை மணி அஸர் தொழுகை முடிந்த கையோடு.

மாப்பிள்ளை நிஸாம், பண்டாரவளை மொஹிதீன் முதலாளியின் மகன். செவ்வாய்க்கிழமை ஸவூதிக்குப் பறக்க வேண்டியவர். திங்கள் விடியக் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நடக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம். அந்தச் சம்பந்தம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை எங்கள் வாப்பா மௌத்தானார், மறு தடவை மாப்பிள்ளையின் பாட்டி கண்ணை மூடினார். "மூணாந்தரமும் தள்ளிப்போனா அல்லாஹ் வேணாம்டுறான்டு நெனச்சிக்கிறுவோம்" என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லிவிட்டார்.

பெண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளராக நின்று, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுக்க மர்ஸூக் ஒருவன்தான் இருந்தான். வாப்பா இல்லை, வாப்பாவோடு பிறந்த ஆண்களும் இல்லை. தாய்மாமா என்னதான் பாசக்காரர் என்றாலும் மார்க்கப்படி வலியாக நிற்க முடியாது. மர்ஸூக் வராமல் நிக்காஹ் இல்லை. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிந்துதான் நான் கோபித்துக்கொண்டு கொஸ்லந்தையில் உட்கார்ந்திருந்தேன். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு எனக்குக் கடிதத்தில் அழைப்பு வந்தது, அதுவும் கொப்பியில் கிழித்த தாளில். மூத்தவளை வாயால் வந்து அழைப்பதுதான் எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் ஷுக்ரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார். நான் போகவில்லை. "வாப்பா எடத்துல நிக்கிறவன் வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

மர்ஸூக் ஞாயிறு காலையில் வந்தான். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பட்டன் கண்ணாடிக் காரையும், டிரைவர் பொன்னையாவையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பொன்னையா கொஸ்லந்தைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்.

"ராத்தா, வாப்பா எடத்துல நின்டு கூப்புடுறேன். வாங்க. உங்கட காலப் புடிக்கவா, கையப் புடிக்கவா?"

"கால வேணாம், செருப்பு புதுசு" என்றேன். ஏறினேன். அவன் ஒரு சின்னத் தோல் பையை முன்சீட்டுக்கு அடியில் வைத்தான். ஸ்குரூ டிரைவரும் குறடும் கொண்ட பை. "கல்யாணத்துக்குப் போறவன் ஆயுதத்தோடயா போற?" என்று அதைப் பிடுங்கி, இறங்கிப் போய் வீட்டுக்குள் எறிந்துவிட்டு, வாசல் கதவைப் பூட்டி வந்தேன்.

பண்டாரவளைக்கு ஏறுகிற பெரகலைப் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று வழியில் மறித்தார்கள். பொன்னையா காரைத் திருப்பினான். "தோட்டத்து ரோட்டுல ஏறி அந்தப் பக்கம் போயிறலாங்க டீச்சர். எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் போவேன்."

கண்ணைக் கட்டாமலே போனதுதான் வினை. மலை மடிப்பில் ஒரு ஓடை, அதன் மேல் வெள்ளைக்கார துரை காலத்துப் பாலம். மாட்டு வண்டிக்கு அளந்து கட்டியது. இரண்டு பக்கமும் கார்க் கதவின் பாதி உயரத்துக்குக் கருங்கல் சுவர். நடுப்பாலத்தில் ஒரு பலகைக்கல் உடைந்து கிடந்ததை மழைத்தண்ணீர் மூடியிருந்தது. முன்சக்கரம் அதற்குள் இறங்கி, வயிறு தட்டி, கார் நின்றது. என்ஜினும் நின்றது.

பொன்னையா கதவைத் திறந்தான். நான்கு விரல் திறந்து கல்லில் இடித்தது. மர்ஸூக் தன் பக்கத்தைத் திறந்தான். நான்கு விரல். பின்கதவுகளும் அப்படியே.

"பரவாயில்லீங்க, கண்ணாடியால ஏறிக் குதிச்சிரலாம்" என்று பொன்னையா பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. நான்கு பட்டனையும் அமுக்கினான். என் அதட்டலில் மர்ஸூக்கின் ஒரு விரல் இடைவெளியையும் மூடி, மழைக்காக இறுக ஏற்றிய நான்கு கண்ணாடியும் அப்படியே நின்றன.

காருக்குள் மூச்சு முட்டிச் சாகப்போகிறோம் என்று நான் கத்தினேன். நான்கு விரல் இடைவெளியால் காற்று வந்தது உண்மைதான். ஆனால் மடியில் கல்யாணத்துக்கென்று நான் கொண்டுவந்த ஒரு தட்டு தொதல் இனிப்பு, முன்னால் அத்தர் பூசிய தம்பி, அவன் பக்கத்தில் மறித்த இடத்தில் இறங்கி நனைந்த பொன்னையா. மூன்றும் சேர்ந்த வாசத்துக்கு நான்கு விரல் போதாது. ஞாயிற்றுக்கிழமை, மழை. தேயிலை மலையில் கொழுந்தெடுக்க ஒரு ஆளும் இல்லை. பொன்னையா ஹோர்ன் அடித்தான். எதிர்மலையிலிருந்து அதே ஹோர்ன் எங்களுக்குத் திரும்பி வந்தது.

மர்ஸூக்கைப் பார்த்தேன். உதடு வெளுத்துவிட்டது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கதவு இடைவெளியில் மூக்கை வைத்து, தண்ணீருக்கு மேல் வாயைத் தூக்குகிற மீன் மாதிரி மூச்செடுத்தான்.

"டேய், முன்கண்ணாடிய ஒடைச்சிருவோம்" என்றேன்.

"நா காலால ஒரு ஒதை விடுறேங்க நானா" என்றான் பொன்னையா. மர்ஸூக்கை அவனும் எங்கள் ஆட்களைப் போல அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவான்.

"இந்தக் கண்ணாடி இலங்கையில எங்கயும் இல்ல" என்றான் மர்ஸூக், இடைவெளியை விட்டு முகத்தை எடுக்காமல். "மாப்பிள்ள வீட்டுக் கார். கல்யாணத்தன்டு அவங்கட கார ஒடச்சிட்டுப் போய் நின்டா, அந்தப் புள்ள நாளைக்கு அந்த வீட்டுல எப்படி வாழுற? மாமி ஆயுசு முழுக்கச் செல்லிக் காட்டுவா."

"நீ போகாட்டி வாழ்க்கையே இல்லையேடா!"

"அர மணித்தியாலம் தாங்க. முடியாட்டி நானே ஒதைக்கிறேன்."

மணி ஒன்றே கால். அவன் கண்ணை மூடினான். பயத்தில் என்று நினைத்தேன். இல்லை, அது அவனுடைய கடைப் பழக்கம். "பொன்னையா, பட்டன அமுக்குங்க. ராத்தா, நீங்க ஒரு நிமிஷம் வாய மூடுங்க."

அமுக்கினான். நான் மூடினேன். இரண்டுமே அபூர்வம்.

"டிக்குன்டு ஒரு சத்தமும் இல்ல. மோட்டார் பழுதுன்டா முனகும். கம்பி அந்துட்டா மோட்டார் சும்மா சுத்துற சத்தம் கேக்கும். இதுக்கு கரண்டே போகல்ல." மேலே இருந்த விளக்கைப் போடச் சொன்னான், எரிந்தது. அப்படியென்றால் பெட்டரி உயிரோடு இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு பியூஸைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நல்லதாக இருந்தது. "அப்ப நாலும் ஒரே நேரத்துல சாகணும்டா நாலுக்கும் பொதுவான எடம் ஒன்டுதான். டிரைவர்ட கதவு."

குனிந்து, டிரைவர் கதவை நான்கு விரல் அளவுக்குள் முன்னும் பின்னும் ஆட்டினான். உள்ளே சளக் சளக்கென்று சத்தம். அரை வாளித் தண்ணீர் இருந்திருக்கும்.

"கதவுக்குள்ள தண்ணி நிக்குது. அடியில ஓட்ட இருக்குமே, ஒழுகிப் போகணுமே?"

பொன்னையா முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கதவின் உள்தட்டைக் கழற்ற வேண்டும். ஆயுதம் என் வீட்டில் பூட்டிக் கிடந்தது. அதைப் பற்றி மர்ஸூக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கைப்பிடிக்குக் கீழே இருந்த ஸ்குரூவை ஒரு சில்லறைக் காசின் விளிம்பால் திருகினான். பொன்னையாவின் பாக்கு வெட்டுகிற சின்னக் கத்தியைத் தட்டின் ஓரத்தில் விட்டு நெம்பினான். கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று கழன்றன. உள்ளே விரலை விட்டு ஒரு வயரை இழுத்தான். முனை முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி மாதிரி பூத்திருந்தது. அதைச் சுரண்டி, நாக்கில் வைத்தான்.

"அடப் பாவி, துப்பு!" என்றேன்.

அவன் துப்பவில்லை. நாக்கைச் சப்பிக்கொட்டிப் பார்த்தான். "உப்பு."

பொன்னையா இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். "நாந்தாங்க நானா. போன மாசம் மொதலாளியம்மா கால்ல அட்டை ஏறிருச்சுங்க. காருக்குள்ள! அவங்க போட்ட சத்தத்துல நா பிரேக்க மறந்துட்டேன். கதவுக்கு அடி ஓட்டையாலதான் ஏறுதுன்னு நெனச்சு அத சவர்க்காரத்த வெச்சு அடைச்சிட்டேங்க. மிச்சத்துக்கு, கண்ணாடி இடுக்கால கல்லுப்பு ரெண்டு சுண்டு கொட்டிட்டேங்க. மலைக்குப் போறவங்க கால்ல உப்புத் தடவிக்கிட்டுத்தானே போறாங்க. காருக்கும் காலுதானேன்னு..."

"மிச்சக் கதவுகளுக்கும் கொட்டினீங்களா?"

"இல்லீங்க. உப்பு முடிஞ்சிருச்சு."

மர்ஸூக் சிரித்தான். ஏறியதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். "அல்ஹம்துலில்லாஹ். கடையில உப்பு இல்லாததால தப்பினோம். மத்த மூணு மோட்டாரும் நல்லா இருக்கு. சுவிட்ச விட்டுட்டு நேரா கரண்ட் குடுத்தா எறங்கும்."

நான் இருந்த பின்சீட்டுக்கு அவன் ஏறி வந்தான். தொதல் தட்டு பொன்னையாவின் தலைக்குப் போனது. என் பக்கத்துக் கதவின் தட்டைக் கழற்றினான். மோட்டாருக்குப் போகிற இரண்டு வயர் தெரிந்தன. பின்னால் இருந்த ரேடியோ ஸ்பீக்கருக்குப் போன மெல்லிய வயரை உருவியெடுத்து, முனையைப் பல்லால் உரித்தான். சிகரட் பற்றவைக்கிற துளைக்குள் ஒரு முனையைச் சொருக, அது நிற்கவில்லை. "ராத்தா, ஊசி!" என்றான். என் சாரி ஊசிகள் மூன்றும் போயின. தலையிலிருந்த முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

கழற்றிய கதவுத் தட்டு இருந்த இடத்தையும் அடைத்துக்கொண்டது, பின்சீட்டில் இரண்டு பேர், கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு வெள்ளையாகி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. "ராத்தா, ஏதாச்சும் பேசுங்க" என்றான் மெதுவாக.

"இப்பத்தானே வாய மூடச் சொன்ன?"

"இப்ப தொறங்க."

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்து அதிபர் கூரையில் ஏறிப் புலியை விரட்டிய கதை என்று நினைக்கிறேன். அப்படி ஒரு அதிபரும் இல்லை, புலியும் இல்லை.

முதல் தடவை வயரைத் தொடுத்ததும் மோட்டார் முனகியது. கண்ணாடி மேலே ஏறப் பார்த்து, ஏற இடமில்லாமல் முக்கியது. "தலகீழாக் குடுத்துட்டேன்" என்று இரண்டு முனையையும் மாற்றினான். மோட்டார் ஒரு தடவை விக்கியது. அவன் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அப்பி, கீழே அமுக்கிக்கொண்டே, "பொன்னையா, புடிங்க, விட்டுறாதீங்க!" என்று கத்தினான். பொன்னையா பிடித்திருந்த வயர் அப்பளம் பொரிக்கிற சட்டி மாதிரி சுட்டது. அவன் விடவில்லை. ரப்பர் எரிகிற வாடை வந்தது.

கண்ணாடி இறங்கியது. மழை உள்ளே வந்தது. மர்ஸூக் முகத்தை அப்படியே மழைக்குக் கொடுத்தான்.

அவன் வெளியே வழுக்கிப் போனான். அவனுக்குப் பின்னால் நானும் சாரியை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு எட்டில் பாலத்துச் சுவர் மேல் நின்றேன். பொன்னையாவைக் காருக்குக் காவலாக விட்டு இரண்டு பேரும் ஓடினோம். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில், ஒரு மைல். நான் முன்னால், அவன் பின்னால். பெரிய ரோட்டில் பண்டாரவளைக்குக் முட்டைக்கோவா ஏற்றிப்போன லொறியொன்று நின்றது. கோவா மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தோம். நான் அடித்த அதட்டலில் அந்த லொறி வளைவுகளையெல்லாம் நேராக்கிக்கொண்டு போனது.

அஸர் தொழுகை முடிந்து, கல்யாணப் பதிவுகாரர் புத்தகத்தை மூடி எழும்புகிற நேரம். மாப்பிள்ளையின் உம்மா எழும்பித் தலை முக்காட்டைச் சரிசெய்கிறார். மாமா வாசலில் நின்று ஒழுங்கைப் பாதையைப் பார்க்கிறார். நாங்கள் உள்ளே நுழைகிறோம். மர்ஸூக்கின் வெள்ளைச் சட்டை சேறு, விரல் நுனியெல்லாம் பச்சை. கையைக் கழுவி வா என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை நிஸாம், "வேணாம், அப்படியே வாங்க மச்சான்" என்று கையை நீட்டுகிறார். அந்தப் பச்சைக் கையால் இந்த வெள்ளைக் கையைப் பிடித்து, குரல் உடையாமல், ஒரு எழுத்துப் பிசகாமல், மர்ஸூக் எங்கள் தங்கையை நிக்காஹ் செய்து கொடுக்கிறான். நான் கதவோரத்தில் நின்று இந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து ஜெனீராவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையைக் கீழே வைத்தாள்.

"ராத்தா, நீங்க எங்க அழுதீங்க, அழாம நின்டீங்க? நீங்க அந்த ஊட்டுலயே இல்லையே. வயரு எரிஞ்சி, கண்ணாடி பாதியிலயே நின்டுட்டு. மர்ஸூக் நானா ஒல்லி, பூந்து போய்ட்டாரு. நீங்க தோளோட மாட்டிக்கிட்டீங்க. உங்கள உட்டுட்டுப் போக மாட்டேன்டு நானா மழையில நின்டு அழுதிருக்காரு. 'அவளுக்கு ஒன்னயத்தான்டா வேணும், என்னய இல்ல, போடா'ன்டு கண்ணாடியால கைய நீட்டித் தள்ளி உட்டது நீங்க. பொன்னையாண்ணன்தான் எனக்குச் சென்னாரு. நிக்காஹ் முடிஞ்சதும் நானா சஹன் சாப்பாட்டுல ஒக்காரவே இல்ல, ஒரு புடி சோறு திங்கல்ல. மாப்புள்ளட கைய உட்ட கையோட லொறி தேடி ஓடிட்டாரு. லயத்து ஆளுகளக் கூப்பிட்டுக் கயிறு கட்டிக் கார இழுத்து, உங்களக் கூட்டிக்கிட்டு வரக்குள்ள பொழுது பட்டு மஃரிபும் தாண்டிட்டு. அது வரைக்கும் நானும் திங்கல்ல."